மூடிய சிறு பெட்டிக்கு எந்த அளவு ஒலிபெருக்கி?

தோட்ட அன்பர்கள் நம்மிடம் கொண்டுவரும் கேள்விகள் பலதரப்பட்டவை. ஊழியர் சேமநிதிக் கணக்கு, அடையாளக் கார்டில் பெயர்ப் பிழை, பிள்ளைகளின் பள்ளி உதவி என்று அவை நீளும். அண்மையில் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, பால் நிறுக்கும் கொட்டகை அருகே ஓர் இளைஞர் தம் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து, பின்னிருக்கையை மடக்கி, கரிந்த வாடை வீசும் ஓர் ஒலிபெருக்கியைக் காட்டினார்.

“சார், இரண்டு மாதச் சேமிப்பு இது. ஏன் எரிந்தது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்” என்றார்.

அருகில் நின்ற அவருடைய தந்தையார், “ஐயா, நான் அன்றைக்கே சொன்னேன். வண்டிக்குள் திருவிழா எதற்கு என்று” எனக் கூறி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த இளைஞர் ஒப்பந்தக்காரரிடம் வண்டி ஓட்டுபவர். உர மூட்டையும் கட்டிப்பாலும் ஏற்றிச் செல்வது அவர் தொழில். நாளில் பாதி வண்டிக்குள்ளேயே கழிவதால் நல்ல பாட்டுக் கேட்க ஆசைப்பட்டார். அதில் தவறில்லை. கடையில் “பெரியது வாங்கினால்தான் அடி விழும்” என்றார்கள். அவரும் 12 அங்குல ஒலிபெருக்கியை வாங்கிப் பின்னிருக்கைக்குப் பின்னால் இருந்த சிறு பெட்டியில் பொருத்தினார். அடி விழவில்லை. விழவைக்க முயன்றபோது கருவி எரிந்தது. இவ்விரண்டிற்கும் காரணம் ஒன்றே. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்புவதற்கென்று செய்யப்பட்ட ஒலிபெருக்கியைச் சப்வூஃபர் என்பர். நாம் இங்கே அடிநாத ஒலிபெருக்கி என்று குறிப்பிடுவோம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்னும் அளவால் சொல்கிறோம். மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் கேட்கும். பாஸ் கித்தாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. திரைப்பாடல்களில் நெஞ்சைத் தட்டும் அடி பெரும்பாலும் 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையில்தான் இருக்கிறது. ஆகவே, நம் பெட்டி 40 அல்லது 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கினால் பெரும்பாலான பாட்டுகளுக்கு அது போதுமானது.

இனி, மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாயைக் கட்டைவிரலால் இறுக அடைத்துவிட்டுக் கைப்பிடியை அழுத்துங்கள். உள்ளே இருப்பது வெறும் காற்றுதான். ஆயினும் அது கையைத் திருப்பித் தள்ளுகிறது. அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போல் செயற்படுகிறது. ஒலிபெருக்கியின் கூம்பு பெட்டிக்குள் போய்வரும்போது ஒவ்வொரு முறையும் இந்தக் காற்றுவில்லை அழுத்துகிறது, இழுக்கிறது. பெட்டி சிறிதானால் வில் கடினமாகும். வில் கடினமானால் கூம்பு மெதுவாக ஆடுவதற்கு மறுக்கும். மெதுவான ஆட்டமே தாழ்ந்த ஒலி என்பதால், சிறிய பெட்டியில் தாழ்ந்த ஒலி குறைந்துபோகிறது.

இதுவரை சொன்னதை ஒலி ஆர்வலர் பலரும் அறிவர். பலர் அறியாதது அடுத்த செய்தி. காற்றுவில்லின் கடினம் பெட்டியின் அளவை மட்டும் பொறுத்ததன்று; கூம்பின் பரப்பையும் பொறுத்தது. அதுவும் பரப்பின் இருமடிப்படி ஏறுகிறது. 8 அங்குல ஒலிபெருக்கியின் கூம்புப் பரப்பு ஏறத்தாழ 215 சதுரச் சென்டிமீட்டர். 10 அங்குலத்திற்கு 340. 12 அங்குலத்திற்கு 500. ஒரே பெட்டியில் 8 அங்குலத்தை எடுத்துவிட்டு 12 அங்குலத்தைப் பொருத்தினால் பரப்பு இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல் கூடுகிறது. ஆனால், காற்றுவில்லின் கடினமோ ஐந்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பெரிய ஒலிபெருக்கி சிறிய பெட்டியில் திணறுவது இதனால்தான். அந்த இளைஞரிடம் இதனைச் சொன்னபோது, “அப்படியானால் காசு கொடுத்துக் கடினத்தை வாங்கியிருக்கிறேன்” என்றார். மிகவும் சரியாகப் புரிந்துகொண்டார்.

மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தலாம் என்று 1954-ஆம் ஆண்டில் செய்துகாட்டியவர் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர். ஹென்றி குளோஸ் என்பவருடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனத்தின் முதல் ஒலிபெருக்கி, அதற்கு முன்பிருந்த அலமாரி போன்ற பெட்டிகளை விடப் பன்மடங்கு சிறியது. அதில் இருந்தது 12 அங்குல ஒலிபெருக்கிதான். “அப்படியானால் 12 அங்குலம் சிறிய பெட்டிக்கு ஆகாது என்று எப்படிச் சொல்லலாம்?” என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வில்ச்சர் தம் ஒலிபெருக்கியை அந்தப் பெட்டிக்கென்றே செய்தார். கூம்பைத் தாங்கும் வளையங்களை மிகவும் தளர்வாக அமைத்து, விறைப்பைக் காற்றிடமே விட்டுவிட்டார். ஆகவே, அங்குலத்தைப் பார்த்து வாங்குவதை விட, எந்தப் பெட்டிக்கென்று செய்யப்பட்டது என்று பார்த்து வாங்குவதே முறையாகும்.

அதனை எங்கே பார்ப்பது? ஒலிபெருக்கியுடன் வரும் தாளில் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ஆம் ஆண்டில் தொடங்கிவைத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் விரிவாக்கிய சில எண்கள் அத்தாளில் இருக்கும். அவற்றுள் மூன்று நமக்கு வேண்டும். எஃப்.எஸ். என்பது பெட்டியின்றித் தனியே இருக்கும்போது கூம்பு இயல்பாக அதிரும் ஹெர்ட்ஸ். வி.ஏ.எஸ். என்பது கூம்பின் தாங்கு வளையங்களுக்குச் சமமான விறைப்பைத் தரும் காற்றின் அளவு. இது லிட்டரில் இருக்கும். கியூ.டி.எஸ். என்பது கூம்பின் ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் எண். தாளில் இம்மூன்றும் இல்லாத ஒலிபெருக்கியை வாங்காதிருப்பதே நன்று. ‘2000 வாட்’ என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். தொடர்ந்து தாங்கும் வாட் எவ்வளவு என்று கேட்டறிய வேண்டும். தாளில் அதனை ஆர்.எம்.எஸ். என்று குறித்திருப்பர்.

கணக்கு எளிது. வி.ஏ.எஸ். எண்ணைப் பெட்டியின் லிட்டரால் வகுக்கவும். வந்த விடையுடன் 1 கூட்டவும். அதற்கு வர்க்கமூலம் காணவும். கைப்பேசியில் உள்ள கணிப்பானே இதற்குப் போதும். இந்த விடையால் எஃப்.எஸ். எண்ணைப் பெருக்கினால், பெட்டிக்குள் வைத்தபின் கூம்பு அதிரும் ஹெர்ட்ஸ் கிடைக்கும். அதே விடையால் கியூ.டி.எஸ். எண்ணைப் பெருக்கினால், பெட்டியின் அடக்க எண் கிடைக்கும். அடக்க எண் 0.7 அளவில் இருந்தால் ஒலி சீராக இருக்கும். 0.9 வரை போனாலும் பாதகமில்லை. சிலருக்கு அந்தக் கூடுதல் உருட்டல் பிடிக்கும். 1-ஐத் தாண்டினால் ஒரே சுருதியில் ‘டொம் டொம்’ என்று இடிக்கும். உறுமியும் தவிலும் ஒன்றுபோல் கேட்கும்.

இளைஞரின் பெட்டி 20 லிட்டர். கணக்கிற்காக மூன்று ஒலிபெருக்கிகளை எடுத்துக்கொள்வோம், மூன்றிற்கும் கியூ.டி.எஸ். 0.5 என்று கொள்வோம். 12 அங்குலத்தின் எஃப்.எஸ். 26, வி.ஏ.எஸ். 70 லிட்டர். எழுபதை இருபதால் வகுத்தால் 3.5; ஒன்று கூட்டினால் 4.5, வர்க்கமூலம் 2.12. ஆகவே 26 ஹெர்ட்ஸ் 55 ஆக ஏறிவிடுகிறது. அடக்க எண் 1.06. 10 அங்குலத்தின் எஃப்.எஸ். 30, வி.ஏ.எஸ். 30 லிட்டர் என்றால், கிடைப்பது 47 ஹெர்ட்ஸ், 0.79. 8 அங்குலத்தின் எஃப்.எஸ். 36, வி.ஏ.எஸ். 12 லிட்டர் என்றால், 46 ஹெர்ட்ஸ், 0.63. கடைப்பலகையின் மேல் தனியே வைத்துப் பார்க்கும்போது எல்லாவற்றையும் விடத் தாழ்ந்து போகக்கூடிய 12 அங்குலம், இந்தப் பெட்டிக்குள் வந்ததும் மூன்றிலும் மேலான இடத்தில் நின்றுவிடுகிறது.

அப்படியானால் 8 அங்குலமே சிறந்ததா என்றால், அதற்கும் ஒரு குறை உண்டு. சிறிய கூம்பு ஒரு தள்ளலில் நகர்த்தும் காற்று குறைவு. தாழ்ந்த ஒலியை உரக்க எழுப்ப நிறையக் காற்று நகர வேண்டும். 8 அங்குலம் 46 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆனால் அங்கே உரக்கப் பாடாது. 20 லிட்டர் பெட்டிக்கு 10 அங்குலமே பொருத்தம் என்பது நம் கருத்து. பெட்டி 12 லிட்டர்தான் என்றால் கணக்கு மாறும். அங்கே இதே 10 அங்குலத்தின் அடக்க எண் 0.94 ஆகிறது, 8 அங்குலத்திற்கோ 0.71 கிடைக்கிறது. எனவே 12 லிட்டருக்கு 8 அங்குலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு 8 அங்குலங்களை 20 லிட்டரில் வைப்பாரும் உளர். ஆளுக்குப் பத்து லிட்டர் கிடைக்கும். 53 ஹெர்ட்ஸ், 0.74 என்று அதுவும் சரியாகவே அமையும். காற்றை நகர்த்தும் பரப்பு 10 அங்குலத்தை விடக் கூடுதல். ஆனால், விலை இரண்டு மடங்கு.

சிறிய பெட்டிக்கென்றே செய்த 12 அங்குலங்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் கூம்பு கனமானது. கனத்தைத் தள்ள மின்திறன் அதிகம் வேண்டும். பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், ஒலி தாழ்ந்து போக வேண்டும், குறைந்த மின்திறனில் உரக்கப் பாட வேண்டும் என்னும் மூன்று ஆசைகளில் இரண்டுதான் நிறைவேறும். ஹாஃப்மன் என்பார் வகுத்த விதி இது. ஒலித்துறையினர் இதனை இரும்பு விதி என்று அழைப்பர். கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியை நினைத்துப் பாருங்கள். சிறிய மின்திறனில் தோட்டம் முழுதும் கேட்கும். ஆனால், அதில் தவிலின் கனத்த அடியைக் கேட்டவர் யாரும் இல்லை.

எரிந்த கதைக்கு வருவோம். அடி போதவில்லை என்று கண்ட இளைஞர், ஆம்ப்ளிஃபயரில் உள்ள அடிநாதத் திருகைக் கூட்டினார். ஆறு டெசிபல் கூட்டினால் மின்திறன் நான்கு மடங்கு வேண்டும். பத்து டெசிபல் கூட்டினால் பத்து மடங்கு. கடினமான காற்றுவில்லோடு போராடிய கம்பிச்சுருளுக்குள் பாய்ந்த மின்திறனில் பெரும்பகுதி வெப்பமாக மாறியது. எந்த ஒலிபெருக்கியிலும் ஒலியாக மாறுவது மிகச் சிறிய பங்கே. பெட்டியோ மூடியது, வெப்பம் வெளியேற வழியில்லை. வண்டியோ மதிய வெயிலில் நின்றது. சுருளின் பூச்சு உருகிச் சுருள் கருகியது. தந்தையார் நினைத்ததைப் போல் பாட்டுக் கேட்டதனால் எரியவில்லை. பொருந்தாததைத் திருகிப் பொருத்தப் பார்த்ததனால் எரிந்தது.

வண்டிக்குள் நமக்கு ஓர் அனுகூலமும் உண்டு. சிறிய, அடைத்த அறைக்குள் தாழ்ந்த ஒலிகள் தாமாகவே பெருகுகின்றன. ஒலி அலையின் பாதி நீளம் அறையின் நீளத்தை விட மிகும்போது இது தொடங்கும். வண்டியின் உள் நீளம் 2 மீட்டர் என்றால், ஏறத்தாழ 86 ஹெர்ட்ஸுக்குக் கீழே இப்பெருக்கம் கிடைக்கும். மூடிய பெட்டியின் ஒலி குறைந்துகொண்டே போகும் அதே பகுதியில் வண்டி அதனைத் தூக்கிக் கொடுக்கிறது. வீட்டுக் கூடத்தில் மெலிந்து கேட்கும் பெட்டி வண்டிக்குள் நிறைவாகக் கேட்பது இதனால்தான். கண்ணாடியை இறக்கிவிட்டால் இந்த அனுகூலத்தில் ஒரு பகுதி போய்விடும். கடையில் மேசைமேல் வைத்துக் கேட்டு முடிவு செய்யக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இனிப் பெட்டியை அளப்பது. இதில்தான் பலர் ஏமாறுகின்றனர். இருக்கையின் முதுகு சாய்ந்திருப்பதால் பின்னாலுள்ள இடம் மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கும். அகலம் 64, உயரம் 40, மேல் ஆழம் 11, கீழ் ஆழம் 17 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆழத்தின் சராசரி 14. மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 35.8 லிட்டர். “முப்பத்தைந்து லிட்டர் இருக்கிறது” என்று மகிழ்ந்து கடைக்குப் போகக் கூடாது. 18 மில்லிமீட்டர் பலகையில் பெட்டி செய்தால் ஒவ்வோர் அளவிலும் 3.6 சென்டிமீட்டர் குறையும். 60.4, 36.4, 10.4 என்று பெருக்கினால் 22.9 லிட்டர்தான். பலகை மட்டும் 13 லிட்டரை விழுங்கிவிட்டது. ஒலிபெருக்கியின் உடலும் உட்கட்டைகளும் இன்னும் 3 லிட்டரை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 20. இளைஞரின் பெட்டி இவ்வாறுதான் இருபதாயிற்று. அவர் முப்பத்தைந்து என்றே கடையில் சொல்லியிருந்தார்.

ஆழத்தைத் தனியே பார்க்க வேண்டும். லிட்டர் சரியாக வந்தாலும் காந்தம் பின்பலகையில் இடிக்கலாம். ஒலிபெருக்கியின் பின்புறம் காற்று போய்வரக் குறைந்தது 2 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். நாம் சொன்ன பெட்டியில், சற்றுக் கீழே தள்ளிப் பொருத்தினாலும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒலிபெருக்கிதான் அமையும். சாதாரண 10 அங்குலங்கள் பல இதனை விட ஆழமானவை. மெல்லிய வகை என்று தனியே விற்கிறார்கள். அதனைக் கேட்டு வாங்க வேண்டும். முன்புறமும் இருக்கையின் முதுகுக்கும் கூம்புக்கும் இடையே இரண்டு விரற்கடை இடம் விடுவது அவசியம். இல்லையேல், உரக்கப் பாடும்போது கூம்பின் விளிம்பு இருக்கைத் துணியில் உரசும்.

விளிம்பு என்றதும் நம் தொழிலோடு தொடர்புள்ள ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. கூம்பைச் சுற்றியுள்ள வளையம் சிலவற்றில் ரப்பரால் ஆனது. சிலவற்றில் நுரைப்பஞ்சால் ஆனது. நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் நுரைப்பஞ்சு சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். ரப்பர் வளையமே நீடிக்கும். இதனை நாம் சொல்லித்தான் தோட்ட அன்பர்கள் நம்ப வேண்டும் என்பதில்லை.

பெட்டிக்கு ஒட்டுப்பலகை சிறந்தது. மரத்தூள் பலகை ஒலிக்கு நல்லதுதான். ஆனால் மழைக்காலத்தில் கதவோரம் ஈரம் கசிந்தால் ஊதிவிடும். மூலைகளைப் பசையிட்டுத் திருகாணி போட்டு முடுக்கி, உட்புறம் சிலிக்கோன் பூச வேண்டும். அதன் புளிப்பு வாடை முற்றும் அடங்கியபின்பே ஒலிபெருக்கியை வைக்க வேண்டும். உள்ளே தலையணைக்குரிய பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால், பெட்டி பத்து முதல் இருபது விழுக்காடு வரை பெரிதானதைப் போல் நடந்துகொள்ளும். வீட்டில் கிடக்கிறதே என்று இலவம்பஞ்சைப் போட வேண்டாம். அது ஈரம் பிடிக்கும். தூசாகிக் காந்த இடுக்கில் புகும்.

காற்று கசிகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அடி நிறைந்த பாட்டொன்றை மெல்ல ஓடவிட்டு, எரியும் ஊதுபத்தியைப் பெட்டியின் இணைப்புகளை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோங்கள். கசியும் இடத்தில் புகை துடிக்கும். பஞ்சும் துணியும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இளைஞரின் பெட்டியில் கம்பி நுழையும் துளையருகே புகை ஆடியது. அவருடைய தந்தையாரே ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு அதனைக் கண்டுபிடித்தார்.

மின்கம்பியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பியில், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் உருகி ஒன்று பொருத்தப்பட வேண்டும். உருகி இல்லாத கம்பி தகரத்தில் உரசினால் வண்டியே தீப்பிடிக்கும். பெட்டியைத் தரையோடு முடுக்க வேண்டும். விபத்தின்போது 20 கிலோப் பெட்டி முன்னிருக்கையில் இருப்பவரின் முதுகில் வந்து மோதக்கூடாது. ஜாக்கியும் சக்கரத் திருகியும் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில், அவற்றை எடுக்கும் வழியை அடைக்கக்கூடாது.

செவியையும் மறக்கலாகாது. 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழில்நலத் துறையினர் 1998-இல் பரிந்துரைத்தனர். அதன்படி 100 டெசிபலில் 15 நிமிடமே. அடிநாதம் சரியாக அமைந்த வண்டியில் திருகை ஏற்றும் அவசியம் குறைகிறது. செம்மண் சாலை வளைவில் எதிரே வரும் லோரியின் ஹார்ன் காதில் விழ வேண்டுமே!

அந்த இளைஞர் மறுமுறை கடைக்குப் போனபோது அளவுநாடாவும், லிட்டர் எழுதிய தாளும் கொண்டுபோனார். 10 அங்குல மெல்லிய வகையொன்றின் தாளைக் கைப்பேசியில் படமெடுத்து நமக்கு அனுப்பிவைத்தார். வி.ஏ.எஸ். 26 லிட்டர் என்று இருந்தது. நாம் கணக்குப் போட்டு முடிப்பதற்குள், “அடக்க எண் 0.76 வருகிறது, சார். கியூ.டி.எஸ். அதே 0.5-தான். வாங்கிவிடட்டுமா?” என்று அடுத்த செய்தி வந்துவிட்டது. பெட்டியின் முன்பலகையில் இருந்த பழைய 12 அங்குல வட்டத்தை அடைத்து, புதிய பலகையில் துளையிட்டுக் கொடுத்தவர் அவருடைய தந்தையார்.